காலுக்கு ஒட்டிய பஞ்சர்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். சிலோனுக்குப் போய் சைக்கிள் பந்தயம் விட்டாயே, ஜெயித்தாயா? காலுக்கு எப்படி இப்படி ஆனது? பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நாலு மாதம் படுத்துக் கிடந்தவனுக்குப் பேசுவதும் ஒரு வேலைதான். அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தக் காகிதங்களைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஜெயிக்கவில்லை, ஒன்பதாவதாக வந்தேன். இரண்டாவது கேள்விக்குத்தான் இத்தனை காகிதம்.

எங்கள் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் கடலோரத்தில் இருக்கிறது. நைனா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் மட்டும் கடலில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற ஜாதி. குப்பத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, லஸ் அருகே ரங்கய்யா நாயுடுவின் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காற்று அடிப்பது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, வண்டியை முழுசாகக் கழற்றிப் பூட்டி ஓவராயில் பண்ணுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பஞ்சர் ஒட்டுவது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, சொலுஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவி, ஊதி ஆறவிட்டு, ரப்பர் துண்டை ஒட்ட வேண்டும். டயரைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பு நாயுடு தம் இடத்திலிருந்தே கேட்பார். "முள்ள எடுத்தியாடா?" டயரின் உட்புறம் முழுவதும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் உள்ளேயே இருந்தால் எத்தனை அழகாக ஒட்டினாலும் அடுத்த தெருவில் மறுபடி காற்று இறங்கும். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. கையில் செயின் கிழித்தாலோ ஸ்போக் குத்தினாலோ, அதே சொலுஷனை ஒரு விரல் எடுத்துக் காயத்தின்மேல் தடவிவிடுவோம். தீயாய் எரியும். பிறகு தோல் மாதிரி மூடிக்கொள்ளும். சைக்கிள் கடைக்காரன் எவனும் இதற்காக டாக்டரிடம் போனதில்லை.

பந்தய ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கடை திறப்பதற்கு முன்பு அடையாறு பாலத்தைத் தாண்டி கிண்டி வழியாகப் பரங்கிமலை வரை போய் வருவேன். சில நாள் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட தியாகராய நகர்த் தெருக்களுக்குப் போவேன். அங்கே அப்போது வீட்டைவிட ரோடு அதிகம். மாடு குறுக்கே வராமல் முழு வேகத்தில் மிதிக்கலாம். பட்டணத்தில் நடந்த பந்தயங்களில் இரண்டு முறை முதலாவதாக வந்தேன். மூன்றாவது முறை லஸ் முனையில் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, ஒரு பல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கே அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், மாதா முன்னால் சத்தியம் வாங்கினாள். இன்னொரு தடவை விழுந்தால் அதோடு சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். நானும் சரி என்றேன். வாயில் ரத்தம் இருக்கும்போது யார்தான் மாட்டேன் என்பார்கள்?

பிறகுதான் சிலோன் வாய்ப்பு வந்தது. கண்டியிலிருந்து கொழும்புக்கு ரோடு பந்தயம், சென்னையிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்றார்கள். கடைக்கு வருகிற வக்கீல்கள் சேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டார்கள். நாயுடு ஒரு மாதம் உட்கார்ந்து எனக்கு ஒரு வண்டி பூட்டிக் கொடுத்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கடல் என்னை மறக்கவில்லை, தலைமன்னார் போய்ச் சேரும்வரை வாந்தி. சென்னையிலிருந்து பந்தயத்துக்கு வந்த இரண்டாவது ஆள், ஒரு ரயில்வேக்காரர், எனக்குப் பதிலாக என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளிநாட்டுப் பந்தயம் என்றால் பெரிய பந்தலும் பாண்டு வாத்தியமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது மழைதான். கண்டியில் விடிகாலையில் பற்கள் தாளம் போட நின்றோம். தோட்டத்துத் துரைமார்கள், பறங்கிப் பையன்கள், கொழும்புச் சிங்களவர்கள் என்று நாற்பது பேர் இருக்கலாம். அவர்கள் சக்கரங்கள் மிதிக்காவிட்டாலும் சுற்றுகிறவை, இரண்டு பக்கமும் பிரேக். என் வண்டி சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றுகிற வண்டி, முன்னால் ஒரே பிரேக். எங்கள் ஊரில் இது போதும். எங்கள் ஊரில் இறக்கம் என்றால் அடையாறு பாலத்து இறக்கம், மலை என்றால் பரங்கிமலை.

கடுகண்ணாவ என்ற இடத்தில் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. என் கால்களை நான் மிதிக்கவில்லை, பெடல்தான் என் கால்களை மிதித்தது. அந்த வேகத்தை வாழ்நாளில் நான் அதுவரை கண்டதில்லை. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த இரண்டு மைலுக்கு நான் நாலாவது ஆளாக இருந்தேன். அதை மட்டும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

ஐந்தாவது வளைவில் ஈரச் சல்லியில் சக்கரம் வழுக்கியது. எழுந்து பார்த்தபோது முன் டயரில் காற்று இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் தோல் பிளந்து, காலில் போட்டிருந்த கம்பளி மேஜோடு ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து டியூபை வெளியே எடுத்தேன். உப்புக்காகிதம், சொலுஷன், ரப்பர். டயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்து ஒரு கூர்க்கல்லை எடுத்து எறிந்தேன். பிறகு அதே சொலுஷனைப் பிதுக்கிக் காலில் தடவினேன். ரத்தம் நிற்கவில்லை. ஒரு ரப்பர் துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டி அழுத்தினேன். நின்றது. மேஜோட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி மிதித்தேன். கொழும்பு வந்து சேர்ந்தபோது கை தட்டினார்கள், ஒன்பதாவது ஆளுக்கும் தட்டுகிற ஊர் அது.

வீட்டில் விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் சத்தியம் இருக்கிறது. ரத்தம் பட்ட மேஜோட்டைப் பையின் அடியில் திணித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பையைத் திறந்தால் அது வெள்ளையாக, மடித்து இருந்தது. கொழும்பிலேயே நான்தான் துவைத்தேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது காய்ச்சல் தொடங்கியிருந்தது, எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. காயம் என்னவோ ஆறிவிட்டது. ரப்பர் உதிர்ந்து, மேலே பளபளவென்று புதுத்தோல் மூடியிருந்தது. ஓரத்தில் மட்டும் சொலுஷன் கறுப்பாக ஒட்டியிருந்தது.

காய்ச்சல் ஏறியது, நடுக்கியது, வியர்த்தது, மறுபடி ஏறியது. அந்தச் சமயத்தில் சிலோனில் மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சிலோன் போய்வந்தவனுக்குக் குளிர்க்காய்ச்சல் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? நைனாவும் அம்மாவும் என்னை ரிக்‌ஷாவில் போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெஞ்சில் முற்பகல் முழுவதும் காத்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவரின் முதுகுச் சட்டையில் எத்தனை தையல் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள், மலேரியாவுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள், காது ரீங்காரம் போட்டது. படுக்கை கிடைத்தது.

வார்டு டாக்டர் மயிலாப்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், அவசரப்படாத மனிதர். நாலாம் நாள் வந்தவர் என் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கொயினாவுக்கு இந்த ஜுரம் கட்டுப்படலியே. ரத்தத்திலயும் மலேரியா தெரியலை. எங்கேயாவது வலி இருக்கா?"

"இடது காலு வலிக்குது சார்."

கையை வைத்து முழங்காலுக்குக் கீழே அமுக்கினார். நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

"எங்கேயாவது விழுந்தியோ? அடி கிடி பட்டுதோ?"

அம்மா கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இல்ல சார்" என்றேன். அம்மா தண்ணீர்க் கூஜாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இந்தத் தழும்பு?"

"அது பழசு சார். கடையில பட்டது."

எழுதிக்கொண்டு போய்விட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை என்று வந்தது. எலும்புக்குள் கெடுதல் இருந்தால் அது தகட்டில் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதை அவர் பிறகுதான் எனக்கு விளக்கினார். விழுந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தகடு எதற்கு? அந்தப் பொய்க்கு ஒரு வாரத்துக்கு மேல் விலை கொடுத்தேன். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. போர்வை பட்டால்கூட உயிர் போயிற்று. அம்மா மார்க்கெட் முடிந்து வருவாள். மீன் நாற்றம் என்று ஆயா அவளை வராந்தாவில் நிறுத்திவிடுவாள். அதனால் பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, மூன்று மைல் நடந்து வந்தாள். அப்படியும் ஆயா மூக்கைச் சுளித்தாள். நைனா வந்தால் பேசமாட்டார். வலிக்கிற காலைத் தொட முடியாது என்பதால், என் நல்ல காலைப் பிடித்து ஒரு மணி நேரம் அமுக்கிவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயுடு வந்தார். கையில் சாத்துக்குடி. அம்மாவும் இருந்தாள், டாக்டர் பக்கத்துக் கட்டிலில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயுடு போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, தழும்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்பாகச் சுருண்டு வந்ததை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாடா இது? சொலுசன். காலுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிறியா?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எங்க வுயுந்த? சிலோன்லயா?" என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார். "முள்ள எடுத்தியாடா?"

நான் அழுதுவிட்டேன். டயருக்கு எடுத்தேன், காலுக்கு எடுக்கவில்லை. ஆறு வருஷம் இந்த வேலை செய்தவன், ரோட்டோரத்தில் இரண்டு பஞ்சர் ஒட்டி, ஒன்றில்தான் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். டாக்டர் திரும்பி வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பக்கம் பார்க்கவே இல்லை. டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"கேட்டுக்கோ. எலும்பு கல்லு மாதிரி கெட்டி இல்லை. உள்ளே கூடு. நீ மேலே மூடிட்டே, அழுக்கு உள்ளே மாட்டிண்டுடுத்து. சீழ் வெளியே வர வழியில்லாம எலும்புக்குள்ளே போயிடுத்து. நாளைக்கே திறந்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுக்கணும்."

"கால் தங்குமா சார்?"

"திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும். தங்கலேன்னா முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். உன்கிட்ட மறைக்கமாட்டேன். நீ மறைச்சதே போதும்."

மறுநாள் காலை மூக்கின்மேல் துணியை வைத்து குளோரபாரம் சொட்டினார்கள். எண்ணச் சொன்னார்கள். தித்திப்பான ஒரு நாற்றம். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, கடுகண்ணாவ வளைவுகளை எண்ணினேன் என்று பிறகு நர்ஸ் சொன்னாள். ஐந்தாவது வளைவில் தூங்கிவிட்டேனாம்.

கண் விழித்ததும் கையை நீட்டிக் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தொடை முதல் பாதம் வரை மாவுக்கட்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சல்லித் துணுக்கும், மேஜோட்டுக் கம்பளி இழையும் உள்ளே இருந்தன என்றார் டாக்டர். கூடவே எலும்பிலும் ஒரு துண்டு எடுத்திருந்தார்கள். புண்ணைத் தைக்காமல், வாசலின் களிம்பு தடவிய துணியை அடைத்து, அதன்மேல் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். சீழ் துணியிலேயே ஊறட்டும், கிளறாமல் விட்டால்தான் உள்ளிருந்து சதை வளரும், நாலு வாரம் திறக்கவே கூடாது என்பது அந்த வைத்தியம். திறக்கிற அன்றைக்குத்தான் கால் எனக்கா ஆஸ்பத்திரிக்கா என்று தெரியும்.

நாலு வாரம் என்பதைப் படிக்கிறவர்கள் ஒரு விநாடியில் தாண்டிவிடுவீர்கள். எனக்கு அது மேல்சுவரில் ஒரு பல்லியோடு போனது. பத்தாம் நாளிலிருந்து கட்டு நாற ஆரம்பித்தது. சீழ் ஊறி மாவு மஞ்சளானது. பக்கத்துக் கட்டில்காரர் வேறு இடம் கேட்டு மாறிப் போனார். பார்க்க வந்த வக்கீல் ஒருவர் வாசற்படியிலிருந்தே சௌக்கியம் விசாரித்தார். ஆயா அம்மாவைத் தடுப்பதை விட்டுவிட்டாள். என் பக்கத்தில் உட்கார அம்மாவைத் தவிர ஆளில்லை. குளித்துவிட்டு வருவதை அவளும் நிறுத்தினாள், மார்க்கெட்டிலிருந்து நேராகவே வந்தாள். அந்த நாட்களில் மீன் வாசனை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு பிற்பகல் கஞ்சியை ஊட்டிவிட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டா."

"இன்னாம்மா?"

"நீ வுயுந்தது. மேஜோட்ட நான்தான் தோச்சேன். பச்சத்தண்ணியில உப்புப் போட்டு ஊற வெச்சி. தெனம் மீன் ரத்தத்தோட கெடக்கறவ, எனக்கா தெரியாது?"

"அப்போ ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னுவ. அப்பால அந்தச் சத்தியம் கீதே. மாதா முன்னால பண்ணது. நீ சைக்கிள வுட்டுடணும். அத வுட்டுட்டு நீ இன்னா பண்ணுவ? கடலுக்கும் போவ முடியாது." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். "டாக்டரு கேட்டாரே, வுயுந்தியான்னு. வாய் வரைக்கும் வந்துச்சுடா. முயுங்கிட்டேன். நான் சொல்லி இருந்தா ஒரு வாரம் முன்னாலயே அறுத்து இருப்பாரு. இந்தக் காலு போனா என்னாலதான்."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தக் கணத்தில் களைத்துப் போய்விட்டது. நான் அவளிடம் மறைத்தேன், அவள் எனக்காக மறைத்தாள், நடுவில் கால் அழுகிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலாம் வார முடிவில் கட்டைக் கத்திரித்தார்கள். நாற்றம் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்தார்கள். அம்மாவை வெளியே போகச் சொன்னார் டாக்டர். போகமாட்டேன் என்றாள். அவர் துணியை எடுத்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். நான் பல்லியைத் தேடினேன், காணவில்லை.

"சிவப்பா சதை வந்திருக்கு" என்றார். "கால் உன்னோடதுதான்."

அதன் பிறகு இன்னும் இரண்டு மாவுக்கட்டு, கட்டைக்கோல், நடை பழகுதல் எல்லாம் இருந்தன. அவற்றை எழுதத் தெம்பில்லை. முழங்கால் முழுசாக மடங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பந்தயம் இனி இல்லை. அதைப்பற்றிக் கேட்காதீர்கள், வலிக்கிறது. வீட்டுக்கு வந்த அன்று அம்மா என்னை ரிக்‌ஷாவிலேயே கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

"அந்தச் சத்தியத்த மாதாகிட்டயே திருப்பிக் குட்துட்டேன். இனிமே வுயுந்தா வந்து சொல்லு. அவ்ளோதான்."

போன வாரம் நாயுடு சீட்டை உயர்த்தி, மடங்காத காலுக்குத் தோதாக ஒரு பழைய வண்டியைப் பூட்டித் தந்தார். கடையிலிருந்து மயிலாப்பூர்க் குளத்து மூலை வரை போனேன். திரும்பும்போது இடது கால் பெடலை எட்டாமல், வண்டியோடு சாய்ந்து விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. தூசியைத் தட்டக்கூட இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக மார்க்கெட்டுக்குப் போனேன்.

"அம்மா, வுயுந்துட்டேன்."

வஞ்சிர மீன் கேட்டு நின்ற ஒரு பெண்ணைக் காக்கவைத்துவிட்டு அம்மா எழுந்தாள். சட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். முழங்கையைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டச் சொல்லி, நல்ல தண்ணீர் ஊற்றி, சிராய்ப்பின் மேலே மெதுவாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். எரிந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "பாத்து ஓட்டிக்கினு போ."